நான் எழுதிய ஒன்பது எண்கள்

அன்று ஷரீப் வீட்டு முன்னறையில் இருந்தவர்கள் ஏழு பேர். வீட்டுக்காரர் ஷரீப், சுரங்கத்தில் கன்வேயர் பிரிவில் வேலை. அவருடைய மனைவி சைபுன்னிசா. பக்கத்துக் குவார்ட்டர்ஸில் மகனோடு இருக்கும் பாவாடை. என்னோடு வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். பாவாடையின் மருமகள் விஜயலட்சுமி. என் தம்பி சின்னதுரை. தம்பியின் மகன் குமரவேல். ஏழாவது ஆள் தணிகாசலமாகிய நான். இவர்களைத் தவிர அங்கே ஓர் ஈ காக்கை கிடையாது. நானும் இருந்தேன், கண்ணால் பார்த்தேன் என்று பால் பூத்தில் நின்று கதை அளப்பவர்களையெல்லாம் சேர்த்தால், அந்தப் பத்துக்குப் பன்னிரண்டு அறையில் அறுபது பேர் உட்கார்ந்திருக்க வேண்டும். அதனால்தான் ஆட்களை முதலிலேயே சொல்லிவிட்டேன்.

கூடியது ஒரு கடிதத்துக்காக. அதைப் பாவாடை தன் வீட்டிலேயே எழுதி, நாலாக மடித்து, சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வந்திருந்தான். சென்ற வியாழக்கிழமை பிற்பகல், ஆண்கள் இல்லாத நேரத்தில், ஷரீப் வீட்டுப் பின்கதவு வழியாகப் படுக்கையறைக்குள் தவறான எண்ணத்துடன் நுழைந்ததை ஒப்புக்கொள்கிறேன், இனிமேல் இந்தப் பதினோராம் பிளாக் பக்கம் வரமாட்டேன் என்று அதில் இருந்தது. கீழே என் தம்பி கையெழுத்துப் போட வேண்டும். போடாவிட்டால் போலீஸில் புகார். ஊர்ப் பெண்களின் பாதுகாப்புக்காகத் தான் இதைச் செய்வதாகப் பாவாடை சொன்னான். ராத்திரி சி ஷிஃப்டில் பம்ப் ஹவுஸ் பெஞ்சில் துண்டை விரித்துத் தூங்கியே முப்பத்து நாலு வருஷம் சம்பளம் வாங்கியவனுக்கு, ஓய்வு பெற்ற பிறகுதான் விழிப்பு வந்திருக்கிறது.

என் தம்பிக்கு வயது எழுபத்தொன்று. எங்கள் சொந்த ஊரான முத்தாண்டிக்குப்பத்தில் எங்கள் குடும்பத்தின் பெயரைச் சொன்னால் பஸ்ஸில் எழுந்து இடம் கொடுப்பார்கள். எங்கள் அப்பா ஒரு வீட்டு வாசலில் நின்று பேசினாரென்றால், அந்த வீட்டு ஆண் வந்து உள்ளே கூப்பிடும் வரை படி ஏறமாட்டார். அவருக்குப் பிறந்தவன் ஒரு பெண்ணின் அறைக்குள் தவறான எண்ணத்துடன் நுழைந்தேன் என்று எழுதிக் கொடுப்பதா? அந்தக் காகிதம் ஷரீப் வீட்டில் இருக்காது, பாவாடையின் பையில்தான் இருக்கும். மறுநாள் காலைக்குள் அதன் போட்டோ நெய்வேலி முழுக்கப் போய்விடும் என்பது எனக்குத் தெரியும்.

விஜயலட்சுமி பார்த்தது உண்மை. அதை நான் மறுக்கவில்லை. வியாழக்கிழமை காற்றும் தூறலுமாக இருந்திருக்கிறது. கொடியில் கிடந்த துணியை எடுக்கத் தோட்டத்துப் பக்கம் போனவள் பக்கத்து வீட்டு ஜன்னலைப் பார்த்திருக்கிறாள். உள்ளே சைபுன்னிசா கட்டிலில் படுத்திருக்க, என் தம்பி கட்டிலின் சட்டத்தை இரண்டு கையாலும் பிடித்து இழுத்துக்கொண்டிருந்திருக்கிறான். அவள் பயந்ததில் தப்பில்லை. அதை மாமனாரிடம் சொன்னதுதான் தப்பு. பாவாடையிடம் ஒன்றைச் சொல்வது சுரங்கத்துச் சங்கை ஊதுவது மாதிரி.

இனி ஷரீப் குடியிருக்கும் அந்த வீட்டைப் பற்றி. அது ஒரு காலத்தில் என் தம்பியின் குவார்ட்டர்ஸ். எண்பத்தாறிலிருந்து இரண்டாயிரத்துப் பதினான்கு வரை, இருபத்தெட்டு வருஷம் அங்கே குடியிருந்தான். ஓய்வு பெற்றவன் காலி செய்து சாவியைக் கொடுத்துவிட வேண்டும். அடுத்த மாதம் அதே ஜன்னலில் வேறு யாருடைய திரையாவது தொங்கும். இந்த ஊரில் இதற்காக யாரும் மூக்கைச் சிந்துவதில்லை. சின்னதுரையும் சாவியைக் கொடுத்துவிட்டு, வேலை பெர்மனெண்ட் ஆகியிருந்த மகன் குமரவேலோடு இருபத்தொன்றாம் பிளாக்குக்குப் போனான். நான் அதற்கு முன்பே ஓய்வு பெற்று, நகரியத்துக்கு வெளியே வடக்குத்து கிராமத்தில் சொந்த வீடு கட்டிக்கொண்டேன்.

இங்கே எல்லா வீடும் ஒரே அச்சு. அதே வராந்தா, அதே பச்சைக் கதவு, தோட்டத்தில் அதே சிமெண்டுத் தொட்டி. சி ஷிஃப்ட் முடிந்து தூக்கக் கலக்கத்தில் வருகிறவன் அடுத்த தெருவில் அதே எண்ணுள்ள வீட்டுக்குள் போய்ச் சட்டையைக் கழற்றிய கதை பிளாக்குக்கு ஒன்று இருக்கிறது. எண்பத்து மூன்றில் பாவாடையே அப்படி ஒரு வீட்டுக்குள் போய், கை கழுவி, தட்டின் முன்னால் உட்கார்ந்து, குழம்பு ஏன் ஆறியிருக்கிறது என்று அதட்டியிருக்கிறான். அந்த வீட்டம்மாள் சோற்றையும் போட்டு, சாப்பிட்ட பிறகுதான் விலாசத்தைச் சொன்னாள். அன்றைக்கு யாரும் அவனிடம் கடிதம் கேட்கவில்லை.

ஆனால் என் தம்பி போனது தூக்கக் கலக்கத்தில் அல்ல. அதற்கு ‘தானே’ புயலைப் பற்றி நான் சொல்லியாக வேண்டும்.

இரண்டாயிரத்துப் பதினொன்று டிசம்பர் முப்பது, விடியற்காலை. அந்த வீட்டுப் பின்னால் ஒரு தூங்குமூஞ்சி மரம் இருந்தது. நாலு பேர் கைகோத்தாலும் அணைக்க முடியாத மரம். தம்பி மனைவி மலர்கொடி, ஜன்னலோரக் கட்டிலில் காய்ச்சலோடு படுத்திருந்தாள். காற்றில் மரம் ஆடுவதைப் பார்த்துவிட்டு, சின்னதுரை கட்டிலை உள்சுவர்ப் பக்கம் இழுக்கப் போனான். பாதி தூரம் இழுத்திருக்கிறான். மரம் ஜன்னல் சுவரோடு உள்ளே வந்து விழுந்தது. ஒரு கிளை அவன் தலையில் அடித்தது. மலர்கொடியின் இடுப்பில் சுவர் சரிந்தது. ஊர் முழுக்க மரம் விழுந்து கிடந்ததால் யாரும் தெருவுக்கு வர முடியவில்லை. கிட்டத்தட்ட நாலு மணி நேரம் அவன் முதுகால் அந்தக் கிளையைத் தாங்கிக்கொண்டு அவள் மேல் குனிந்தபடி இருந்திருக்கிறான். அரிவாளோடு முதலில் உள்ளே போனவன் நான். அவனை வெளியே எடுத்தபோது அவன் கேட்டது ஒரே கேள்வி: “கட்டில இழுத்துட்டனா அண்ணே?”

தலையில் ஏழு தையல். டாக்டர், தலையை ஸ்கேன் படம் எடுக்க வேண்டும், பத்து நாள் படுக்கையில் இருக்க வேண்டும் என்றார். மூன்றாம் நாள் கட்டோடு ஏ ஷிஃப்டுக்குப் போனான். போகச் சொன்னது நான். எங்கள் வீட்டில் கீறலுக்கெல்லாம் படுக்கிற வழக்கம் இல்லை என்று நாலு பேர் முன்னால் பெருமையாகச் சொல்லியும் விட்டேன். மலர்கொடி அதன் பிறகு எட்டு வருஷம் தடி ஊன்றி நடந்தாள். இரண்டாயிரத்துப் பத்தொன்பதில் இறந்தாள்.

அவள் போன பிறகு சின்னதுரைக்கு எந்த மாதமும் புயலடித்த மார்கழியாகிவிட்டது. சித்திரை வெயிலில் கம்பளித் தொப்பி கேட்பான். காலையில் சாப்பிட்டதை மறந்து மறுபடி உட்காருவான். குமரவேல் டாக்டரிடம் காட்டலாம் என்று இரண்டு முறை சொன்னான். நான் வாயை அடைத்தேன். என் அப்பா எண்பத்தெட்டு வயதில் நூற்று நாற்பது பங்காளிகளின் பெயரை மூச்சு விடாமல் சொன்னவர்; அவர் பெற்ற பிள்ளைக்கு மூளைக் கோளாறா? பெண்டாட்டி போன துக்கம், ஆறிவிடும் என்று சொல்லிவிட்டேன். குமரவேலும் அதற்கு மேல் சொல்லவில்லை. அவன் அப்பனுக்காக ஓர் அரை நாள் லீவு போடத் தயங்குகிறவன். நான் தடுத்தது அவனுக்கு வசதியாகப் போயிற்று.

இரண்டு வருஷத்துக்கு முன், சித்திரை மாதத்தில், ஒரு மருத்துவக் கல்லூரியிலிருந்து தமிழ்மொழி என்றொரு பெண் குமரவேல் வீட்டுக்கு வந்தாள். அன்று நானும் அங்கே இருந்தேன். தோளில் பை, கையில் பரீட்சை அட்டை. புயலில் அடிபட்டவர்கள், வீடு இடிந்தவர்கள், அறுபது வயதைத் தாண்டியவர்கள் எல்லோரையும் பார்த்து வருவதாகச் சொன்னாள். பேரிடரில் சிக்கியவர்களுக்கு நினைவு சீக்கிரம் தளர்ந்துபோகிறதா என்று ஆராய்ச்சியாம். புயல் அடித்தது மரத்தையா மண்டையையா என்று கேட்டேன். “ரெண்டையும்தான்னு நினைக்கிறோம் ஐயா, அதைத்தான் பாக்க வந்தேன்” என்றாள். பதில் சொல்லத் தெரிந்த பெண். எனக்கு அப்போதே பிடிக்கவில்லை.

குடை, ரயில், வாழைப்பழம் என்று மூன்று சொற்களைச் சொல்லி நினைவில் வைத்துக்கொள்ளச் சொன்னாள். இது என்ன மாதம் என்றாள். மார்கழி என்றான் தம்பி. விளையாட்டுக்குச் சொல்கிறான், சித்திரை என்று நான் திருத்தினேன். அவரே சொல்லட்டும் என்றாள். பிறகு ஒரு தாளில் பெரிய வட்டம் போட்டுக் கொடுத்து, இதைக் கடிகாரமாக்குங்கள் என்றாள். அந்த நேரம் அவளுக்குப் போன் வந்தது, வராந்தாவுக்குப் போனாள்.

சின்னதுரை நிதானமாக மூன்று எண்கள் எழுதினான். ஆறு, இரண்டு, பத்து. பென்சிலைக் கீழே வைத்துவிட்டு, முடித்துவிட்ட திருப்தியோடு என்னைப் பார்த்தான்.

ஏ ஷிஃப்ட் ஆறு மணி, பி ஷிஃப்ட் இரண்டு, சி ஷிஃப்ட் பத்து. இந்த ஊரில் ஒருவனுடைய நாளுக்கு அவ்வளவுதான் மணி. அவன் எழுதியது எனக்குப் புரிந்தது. அந்தப் பெண்ணுக்கும் புரிந்துவிடும் என்பதும் புரிந்தது. பென்சிலை எடுத்தேன். மீதி ஒன்பது எண்களையும் நானே எழுதினேன். முள் இரண்டும் போட்டேன். குடை, ரயில், வாழைப்பழம் என்று அவன் காதில் மூன்று முறை சொன்னேன். அவள் உள்ளே வந்ததும் கேட்டாள், சொன்னான். அவள் தாளைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், மறுபடி தாளைப் பார்த்தாள். கடிகாரம் சரி, மூன்று சொற்களும் சரி, நினைவாற்றல் வயதுக்கு ஏற்ற அளவில் நலம் என்று சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டுப் போனாள்.

அந்தச் சீட்டை மெயின் பஜாரில் கொடுத்து லேமினேஷன் போட்டேன். அதைப் போட்டோ எடுத்து, ஓய்வு பெற்றவர்களின் வாட்ஸப் குரூப்பில், எங்கள் குடும்பத்தில் மறதி என்கிற பேச்சுக்கே இடமில்லை என்று எழுதிப் போட்டேன். முந்நூற்றுப் பன்னிரண்டு பேர் உள்ள குரூப். பாவாடை அதற்குக் கைகூப்பி வணக்கம் வைத்திருந்தான்.

மறுபடி ஷரீப் வீட்டு முன்னறைக்கு வருகிறேன்.

பாவாடை கடிதத்தைப் படித்து முடித்தான். கன்வேயர் பெல்ட் ஓடுகிற மாதிரி அவன் பேச்சு ஓடியது. பாதுகாப்பு, கலாச்சாரம், பெண் பிள்ளைகள். குமரவேல் கைக்கடிகாரத்தைப் பார்த்தான்.

“கையெழுத்துப் போட்டுட்டுப் போயிடலாம் பெரியப்பா. விஷயம் ஆபீஸ் வரைக்கும் போனா என் ப்ரமோஷன்தான் நிக்கும். எனக்கு ரெண்டு மணிக்கு ஷிஃப்ட்.”

பெற்ற அப்பனின் மானத்துக்கு விலை ஒரு கிரேடு. அவனே பேனாவை எடுத்து அப்பன் கையில் கொடுத்தான்.

சின்னதுரை பேனாவைக் கொடுத்தால் வாங்கிக்கொள்வான். முப்பத்தைந்து வருஷம் மஸ்டர் வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்ட கை. கடிதத்தில் என்ன இருக்கிறது என்று அவன் படிக்கவில்லை. வேலைப் பழக்கப்படி முதலில் கீழே தேதியை எழுதினான். முப்பது, பன்னிரண்டு, இரண்டாயிரத்துப் பதினொன்று. நான் எழுந்து காகிதத்தை இழுத்துக்கொண்டேன்.

“பாருய்யா” என்று அதைப் பாவாடை முகத்துக்கு நேரே நீட்டினேன். “என்ன தேதி போட்டிருக்கான்னு பாரு. புத்தி தெளிவா இருக்கறவன் போடற தேதியா இது?”

பாவாடை கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு பார்த்தான். பார்த்துவிட்டுச் சிரித்தான்.

“நடிக்கறாருண்ணே. நல்லாத்தான் நடிக்கறாரு.” போனை எடுத்தான். விரலால் தள்ளிக்கொண்டே போய் ஓர் இடத்தில் நிறுத்தி, அந்த அறையில் எல்லோருக்கும் தெரியும்படி பிடித்தான். என் லேமினேஷன் சீட்டு. “நீங்களே போட்டதுதானண்ணே? டாக்டர் பொண்ணு எழுதிக் குடுத்திருக்கு. கடிகாரம் சரியா போட்டிருக்காரு, வார்த்தையெல்லாம் சரியா சொல்லியிருக்காரு. அப்ப தெளிவா இருந்தாரு, பொம்பள இருக்கற ரூமுக்குப் போனதும் மறந்துபோச்சா?”

அந்த நேரத்தில்தான், அதுவரை கதவோரம் நின்றுகொண்டிருந்த சைபுன்னிசா பேசினாள். நான் அதற்கு முன் அந்தப் பெண்ணிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை.

“ஒரு தடவ இல்லைங்க. இந்த ஒரு வருஷத்துல அஞ்சு தடவ வந்திருக்காரு” என்றாள்.

குமரவேல் தலையைப் பிடித்துக்கொண்டான்.

“காத்து அடிச்சா வருவாருங்க. பின்னாடி கதவு துணி துவைக்கத் தொறந்தேதான் கிடக்கும். மொத தடவ பயந்துட்டேன், கத்தக்கூட வாய் வரல. அப்புறம் பாத்தா, பெரியவரு என் மூஞ்சியவே பாக்கல. ஜன்னலத்தான் பாக்கறாரு. ‘எழுந்திரு மலரு, மரம் ஆடுது’ன்னு சொல்லிகினே கட்டில இழுக்கறாரு. அங்க மரமே இல்ல, வெட்டின கட்டைதான் இருக்கு, அதுமேல நான் துணி துவைக்கறேன். நான் எழுந்துகினேன். கட்டில உள்செவுத்தோரம் தள்ளிட்டு, அப்பாடான்னு தரையில உக்காந்துட்டாரு. டீ போட்டுக் குடுத்தேன். குடிச்சிட்டு, ஷிஃப்டுக்கு நேரமாச்சுன்னு போயிட்டாரு. ஒவ்வொரு தடவையும் இதேதாங்க. போன வியாழக்கிழமை எனக்குத் தலைவலி, படுத்துட்டேன். அவ்வளவுதான்.”

ஷரீப் மனைவியைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார்.

“எனக்கு மொத தடவையே தெரியுங்க ஐயா. எங்க வாப்பா வயசு. பெரிய குடும்பம், வெளிய தெரிஞ்சா உங்களுக்குக் கேவலம்னு நாங்க யார்கிட்டயும் மூச்சு விடல. உங்ககிட்டயே எப்படிச் சொல்றதுன்னுதான் யோசிச்சிகினு இருந்தோம்.”

எங்கள் குடும்ப மானத்தை ஒரு வருஷமாக இந்த வீட்டில் யாரோ டீ போட்டுக் கொடுத்துக் காப்பாற்றியிருக்கிறார்கள். நான் அறியவில்லை.

இத்தோடு முடிந்திருக்க வேண்டும். மனுஷனாகப் பிறந்தவன் என்றால் அந்த இடத்தில் போனைப் பைக்குள் போட்டுக்கொண்டு எழுந்திருப்பான். பாவாடை எழவில்லை. கால்மேல் கால் போட்டுக்கொண்டான்.

“அஞ்சு தடவயா! டீ வேற! அண்ணே, கோவிச்சுக்காதீங்க. சீட்டுப்படி மனுசன் தெளிவாத்தான் இருக்காரு. தெளிவா இருக்கற ஆம்பள, புருசன் ட்யூட்டிக்குப் போன வூட்டுக்கு அஞ்சு தடவ வந்து டீ குடிச்சிகினு போறாரு, அந்தம்மாவும் கதவத் தொறந்து வெச்சிகினு இருக்காங்கன்னா, ஊரு என்ன சொல்லும்? நான் சொல்லல. ஊரு சொல்லும்.”

ஷரீப் எழுந்து நின்றார். சைபுன்னிசா முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு உள்ளே திரும்பினாள். அவள் கை கதவு நிலையைப் பிடித்திருந்தது.

அந்தக் கணத்தில் எனக்கு இரண்டு வழிதான் இருந்தது. வாயை மூடிக்கொண்டிருந்தால் என் தம்பி காமுகன். அவனுக்கு இரக்கம் காட்டியவள் அதைவிடக் கேவலமாக ஆக்கப்படுவாள். வாயைத் திறந்தால் என் தம்பி சித்தம் தளர்ந்தவன், நான் பொய்யன். எழுபத்தைந்து வயது வரை என்னை யாரும் அந்த வார்த்தையால் கூப்பிட்டதில்லை. பாவாடை முன்னால் அதைச் சொல்வதைவிட என் நாக்கை அறுத்துக்கொள்ளலாம் என்று தோன்றியது. ஆனால் அறுத்துக்கொண்டால் அந்தப் பெண்ணுக்காக யார் பேசுவது?

“அந்தச் சீட்டு பொய்” என்றேன்.

யாருக்கும் புரியவில்லை. உட்கார்ந்துகொண்டு சொல்லக்கூடிய விஷயமல்ல, நின்றுகொண்டே சொன்னேன்.

“அந்தக் கடிகாரம் அவன் போட்டதில்ல. அவன் போட்டது ஆறு, ரெண்டு, பத்து. மூணே மூணு. மீதி ஒன்பது எண்ணும் நான் எழுதினேன். முள்ளும் நான் போட்டது. அந்த மூணு வார்த்தையும் நான் காதுல சொல்லிக் குடுத்தது. என் தம்பிக்கு நினைவு போய்க்கினு இருக்குது. மூணு நாலு வருஷமா எனக்குத் தெரியும். நான் மறைச்சேன்.”

“நீங்களா அண்ணே?” என்றான் பாவாடை. அவன் குரலில் ஒரு சந்தோஷம் இருந்தது. பல வருஷம் காத்திருந்து கிடைத்த சந்தோஷம்.

“நான்தான். முந்நூறு பேர் குரூப்புல பொய்யப் போட்டவன் நான்தான். வேணும்னா அதை எழுதிகினு வா, கையெழுத்து நான் போடறேன். இவன்கிட்டருந்து ஒரு கடிதமும் கிடைக்காது.” காகிதத்தை நாலாகக் கிழித்து அவன் சட்டைப் பையிலேயே வைத்தேன். “போலீசுக்குப் போறதா இருந்தா போ. போறப்ப எண்பத்து மூணுல நீ உக்காந்து குழம்பு ஆறிப்போச்சுன்னு அதட்டின வூட்டம்மாவையும் சாட்சிக்குக் கூட்டிகினு போ.”

விஜயலட்சுமி வாயைப் பொத்திக்கொண்டாள். அவளுக்கு அந்தக் கதை தெரியாது போலிருக்கிறது. பிறகு எழுந்து சைபுன்னிசா பக்கம் போய், நான் பார்த்ததைத்தான் அக்கா சொன்னேன், மாமா இப்படிச் செய்வார் என்று எனக்குத் தெரியாது என்று ஏதோ சொன்னாள். சைபுன்னிசா அவள் கையைத் தட்டிக்கொடுத்தாள். “போதும் மாமா, வாங்க” என்று விஜயலட்சுமி கூப்பிட, பாவாடை போனான். வாசலில் நின்று செருப்பு மாட்டிக்கொள்ள அவனுக்கு வழக்கத்தைவிட அதிக நேரம் ஆயிற்று.

சின்னதுரை இவ்வளவு நேரமும் தோட்டத்துப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தான். எல்லோரும் எழுந்ததைப் பார்த்து அவனும் எழுந்தான். “முடிஞ்சிதா அண்ணே?” என்றான். முடிந்தது என்றேன். “மலருகிட்ட சொல்லிட்டுப் போலாம்” என்றான். குமரவேல் அப்போதுதான் முகத்தைத் திருப்பிக்கொண்டு கண்ணைத் துடைத்தான். கொஞ்சம் தாமதம்தான். இருந்தாலும் துடைத்தான், அதையும் எழுதிவிடுகிறேன்.

அன்று மாலையே குரூப்பில் எழுதினேன். சீட்டு பொய், கடிகாரத்தின் ஒன்பது எண்கள் என்னுடையவை, சைபுன்னிசா அம்மாவைப் பற்றி யாராவது ஒரு வார்த்தை பேசினால் என் வீட்டு வாசலுக்கு வந்து பேசட்டும் என்று. முந்நூற்றுப் பன்னிரண்டு பேரில் இருபத்தாறு பேர் வருந்துவதாகப் போட்டார்கள். இரண்டு பேர் தனியாகப் போன் செய்து, தங்கள் வீட்டிலும் தானே புயலுக்குப் பிறகு இப்படி ஒருவர் இருப்பதாகக் குரலைத் தாழ்த்திச் சொன்னார்கள். ஒருவருடைய பெயரைக் கேட்டால் ஊர் வாயைப் பிளக்கும். நான் சொல்லமாட்டேன். அவர்கள் மறைப்பது அவர்கள் பாடு. மறைத்தால் என்ன ஆகும் என்பதை மட்டும் அவர்களுக்குச் சொன்னேன். பாவாடை எதுவும் போடவில்லை.

தமிழ்மொழியின் நம்பர் சீட்டின் கீழே இருந்தது. கூப்பிட்டேன். நான் யாரென்று சொன்னதும், “கடிகாரம் ஐயாவா?” என்றாள். அன்றே தெரியுமா என்றேன். மூன்று எண்கள் ஒரு கை, ஒன்பது எண்கள் இன்னொரு கை, அதுகூடத் தெரியாமலா ஆராய்ச்சி செய்கிறேன் என்றாள். அப்படியானால் ஏன் நலம் என்று எழுதினாய் என்று கேட்டேன். “நீங்க அழுதுடுவீங்களோன்னு பயமா இருந்துச்சு ஐயா. தப்புதான்” என்றாள். எனக்குக் கோபம் வந்தது. நான் அழுகிற ஆளா?

குமரவேல் லீவு போட்டு, அப்பனை அந்த மருத்துவக் கல்லூரிக்குக் காரில் அழைத்துப் போனான். இந்த முறை நான் வெளியே உட்கார்ந்தேன். உள்ளே என்ன நடந்தது என்று பார்க்கவில்லை. பிறகு தாளைக் காட்டினார்கள். இரண்டே எண்கள் இருந்தன. ஆறும் பத்தும். இரண்டு மணி ஷிஃப்ட் போய்விட்டது. தலையைப் படம் எடுத்தார்கள். பழைய அடி, நாலு மணி நேரம் அடியில் கிடந்தது, வீடு மாறியது, மனைவி போனது, எது எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல முடியாது என்றார் டாக்டர். போனது திரும்பாது, இருப்பதைக் கொஞ்ச நாள் பிடித்து வைக்கலாம் என்றார். புயல் முடிந்த மூன்றாம் நாளே இப்படிப் படம் எடுத்திருந்தால் என்று நான் கேட்கவில்லை. கேட்டு என்ன ஆகப் போகிறது? அவனை ஷிஃப்டுக்கு அனுப்பியது நான்.

சின்னதுரை இப்போது வடக்குத்தில் என் வீட்டில் இருக்கிறான். காற்று எழுந்தால் அவனைப் பிடித்து வைக்க முடிவதில்லை. அதனால் ஆட்டோவில் நானே அழைத்துப் போகிறேன். எங்கள் அப்பாவின் வழக்கப்படி, முன்வாசலில் நின்று, வீட்டார் கூப்பிட்ட பிறகுதான் படி ஏறுகிறோம். சைபுன்னிசா கட்டிலை உள்சுவரோரமாகவே போட்டுவிட்டாள். அவன் நேராக அங்கே போகிறான். சட்டத்தைத் தொட்டுப் பார்க்கிறான். ஜன்னலுக்கும் கட்டிலுக்கும் நடுவில் உள்ள தூரத்தைப் பார்க்கிறான். பிறகு உட்கார்ந்து டீ குடிக்கிறான். எனக்கும் ஒரு தம்ளர் வருகிறது. சர்க்கரை அதிகம்.

இதைப் பொறுக்கமாட்டாமல் ஷரீப் குடும்பம் வேறு குவார்ட்டர்ஸ் கேட்டு எழுதிக் கொடுத்துவிட்டதாகப் பால் பூத்தில் ஒரு பேச்சு நடக்கிறது. அவர்கள் அப்படி எதுவும் எழுதிக் கொடுக்கவில்லை.